ஊமைப் படப் பெட்டி எந்த ஊரில் இறங்கியது? வட ஆர்க்காட்டில் தேடும் முறை

காட்பாடி ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். விடியற்காலை வண்டி நின்றதும் தகரப் பெட்டிகள் இறங்கும். மூடியின் மேல் படத்தின் பெயரும் ஊரின் பெயரும் பெயிண்டில் எழுதியிருக்கும். வேலூர் தியேட்டர்க்காரப் பையன் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடிவந்து "அண்ணே, பெட்டி வந்துடுச்சா?" என்று கேட்பான். அதனால் எனக்கு எந்தப் படமும் முதலில் ஒரு பார்சல்தான். எங்கே கிளம்பியது, எந்த ஸ்டேஷனில் வண்டி மாறியது, யார் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனார் என்று பார்த்தே பழக்கம்.

ஓய்வு பெற்ற பிறகுதான் ஆர். நடராஜ முதலியாரைப் பற்றிப் படித்தேன். 1885-இல் வேலூரில் பிறந்தவர். சென்னையில் சைக்கிள் வியாபாரம், அப்புறம் மோட்டார் கார் வியாபாரம். ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயரிடம் கேமரா பழகி, புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் இந்தியா ஃபிலிம் கம்பெனி தொடங்கி, ‘கீசக வதம்’ எடுத்தார். தென்னிந்தியாவில் எடுத்த முதல் கதைப் படம் அது. 35 நாளில் எடுத்து முடித்த 6,000 அடிப் படம். சென்னை எல்பின்ஸ்டன் தியேட்டரில் வெளியானது. பர்மா, இலங்கை, மலாய் நாடு, சிங்கப்பூர் வரை போனது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. ரங்கூன் வரை போன படம் எடுத்தவரின் சொந்த ஊருக்கு வந்ததா என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அதைத் தேடித் தேடி நான் கற்றுக்கொண்ட முறையை எழுதுகிறேன். வேறு ஊமைப் படத்துக்கும், திருப்பத்தூருக்கும் ஆரணிக்கும்கூட இது பொருந்தும்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். "வேலூரில் ஊமைப் பட காலம்" என்று கிளம்பினால் ஆறு மாதத்தில் களைத்துவிடுவீர்கள். ஒரு படம், ஒரு ஊர், ஒரு கால எல்லை போதும். கால எல்லையில் கஞ்சத்தனம் வேண்டாம். ‘கீசக வதம்’ வெளியான ஆண்டை ஒரு புத்தகம் 1916 என்கும், இன்னொன்று 1917, மற்றொன்று 1918 என்கும். நான் 1916-இல் தொடங்கி 1923 வரை வைத்துக்கொண்டேன். ஊமைப் படம் வெளியான வருஷத்தோடு முடிந்துவிடாது. பெருநகரத்தில் ஓடிய அதே பிரதி, கீறலும் ஒட்டுமாக, பல வருஷம் சின்ன ஊர்களைச் சுற்றும். பொதுவாக எந்த ஊமைப் படத்துக்கும் பின் எல்லை 1931 வாக்கில். அந்த ஆண்டு மார்ச்சில் பம்பாயில் ‘ஆலம் ஆரா’, அக்டோபர் 31-இல் சென்னையில் ‘காளிதாஸ்’ என்று பேசும் படம் வந்துவிட்டது. அதற்கப்புறமும் கொஞ்ச காலம் ஊமைப் படங்கள் கிராமங்களில் ஓடின.

அடுத்தது பெயர். என்னை அதிகம் அலைய வைத்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் பெரியப்பா 1919-இல் பிறந்தவர். பள்ளிகொண்டா பக்கம் எங்கள் ஊர். நான் தேடுவதைக் கேள்விப்பட்டதும் அப்பா சொன்னார்: "உங்க பெரியப்பா கீசக வதம் பாத்திருக்காருடா. பாலாத்து மணல்ல உக்காந்து ராத்திரி பூரா பாத்தேன்னு என்கிட்டயே எத்தனையோ தடவை சொல்லியிருக்காரு." எனக்குத் தூக்கமே வரவில்லை. பெரியப்பா காலமாகிவிட்டார், அவரைக் கேட்க முடியாது. ஒரு நோட்டில் பெரிதாக எழுதி வைத்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் ‘ராத்திரி பூரா’ என்ற சொல் உறைத்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 மில்லிமீட்டர் சுருளில் ஓர் அடிக்கு 16 கட்டங்கள். கையால் சுற்றும் புரொஜெக்டரில் விநாடிக்கு 16 கட்டம் ஓட்டினால் ஓர் அடிக்கு ஒரு விநாடி. 6,000 அடி என்றால் 6,000 விநாடி, அதாவது 100 நிமிஷம். வேகமாகச் சுற்றினால் இன்னும் குறையும். கூடவே இரண்டு துண்டுப் படம் காட்டினாலும் மூன்று மணி நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும். விடிய விடிய ஓடியிருக்க முடியாது. பெரியப்பா பார்த்தது பாரதக் கூத்து. நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் கீசக வதம் ஒரு முழு இரவுக் கூத்து. இன்றும் ஆடுகிறார்கள்.

ஆகவே ‘கீசக வதம்’ என்று ஒரு நோட்டீஸ் கிடைத்தால் உடனே படம் என்று எழுதிவிடாதீர்கள். அது கூத்தாக இருக்கலாம், கம்பெனி நாடகமாக இருக்கலாம். மராட்டியத்தில் பாபுராவ் பெயின்டர் 1920-இல் எடுத்த ‘சைரந்திரி’யும் இதே கீசகன் கதைதான், யாராவது "கீசகன் படம்" என்று சொன்னால் அதுவாகவும் இருக்கலாம். நடராஜ முதலியாரின் அடுத்த படங்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ‘திரௌபதி வஸ்திராபகரணம்’ கூத்தும் உண்டு, அவர் எடுத்த ஊமைப் படமும் உண்டு, 1934-இல் தமிழ்ப் பேசும் படமும் உண்டு. ‘லவகுசா’ 1934-இல் தெலுங்கில் பேசும் படமாக வந்தது. வட ஆர்க்காட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம், அவர்கள் நினைவில் இருப்பது பெரும்பாலும் அந்த லவகுசாதான். பழைய பட்டியல்களில் எழுத்துக்கூட்டலும் ஒரே மாதிரி இருக்காது. கீசகவதம், கீச்சக வதம், கீசக வதா என்று எல்லா வடிவத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பட்டியலில் ‘கீ’ என்பதற்கு இரண்டு ‘ஈ’ போட்டும் ஒரு ‘ஐ’ போட்டும் எழுதியிருப்பார்கள், இரண்டையும் தேட வேண்டும்.

படமா கூத்தா என்று பிரிக்க நோட்டீஸிலேயே அடையாளம் இருக்கும். ‘பயாஸ்கோப்’, ‘சலனப் படம்’, ‘ஊமைப் படம்’, ‘எலக்ட்ரிக்’ போன்ற சொற்கள், எத்தனை அடி அல்லது எத்தனை பாகம் என்ற எண்ணிக்கை, தரை, பெஞ்சு, நாற்காலி என்று அணாவில் கட்டணம், ஒரே இரவில் இரண்டு காட்சி. இவை படத்துக்கு உரியவை. ‘டாக்கீஸ்’ என்று இருந்தால் அது பேசும் படம் வந்த பிறகு அச்சடித்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

நோட்டீஸில் ஆண்டு போடாமல் விடுவது அந்தக் கால வழக்கம். கிழமையும் தேதியும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. உதாரணமாக "ஜூலை 14 சனிக்கிழமை" என்று இருந்தால், 1917 முதல் 1934 வரை அது பொருந்துவது 1917, 1923, 1928, 1934 என்ற நான்கு ஆண்டுகளுக்கு மட்டுமே. தமிழ் வருஷம் போட்டிருந்தால் இன்னும் நல்லது. நள வருஷம் 1916 ஏப்ரலில் பிறந்தது, அடுத்து பிங்கள, காளயுக்தி, சித்தார்த்தி, ரௌத்திரி என்று வரும். தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் என்பதை மறக்க வேண்டாம். பிங்கள வருஷம் மாசி என்றால் அது 1918.

சரி, எந்த அலுவலகத்தில் தேடுவது? மாவட்ட எல்லை மாறிய கதை தெரியாமல் போனால் தப்பான அலமாரியின் முன்னால் நிற்பீர்கள். 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்துக்குத் தலைநகரம் சித்தூர். அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமானது, வேலூர் நமக்குத் தலைநகரமானது. அதற்கு முந்திய பயாஸ்கோப் காட்சியைத் தேடுகிறவர் சித்தூரையும் பார்க்க வேண்டும். திருப்பத்தூர் தாலுகா அதுவரை சேலத்தோடு இருந்தது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆவணத்தில் ‘வட ஆர்க்காடு’ என்றே இருக்கும் ஓர் ஊர் இன்று நான்கு கலெக்டர் அலுவலகங்களில் எதன் கீழ் வருகிறது என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

எந்தச் சட்டம் எந்த ஆண்டு வந்தது என்பதும் வேண்டும், ஏனென்றால் சட்டம்தான் காகிதத்தை உண்டாக்கும். பொது இடங்களுக்கான சென்னைச் சட்டம் 1888-இல் வந்தது. கொட்டகை போட அனுமதி கேட்டு அதன் கீழ் மனு போயிருக்கலாம். சினிமாட்டோகிராப் சட்டம் 1918, அதன்படி சென்னைக்கு வெளியே உரிமம் தருபவர் மாவட்ட மாஜிஸ்திரேட். தணிக்கை வாரியங்கள் 1920-இல்தான் அமைந்தன. 1917-18-இல் வெளியான ஒரு படத்துக்கு வெளியீட்டு நேரத்துத் தணிக்கைச் சான்று இருக்காது. நான் அதைத் தேடி இரண்டு நாளை வீணடித்தேன். அதே படம் 1920-க்குப் பிறகு மறுபடி ஓடியிருந்தால் சான்று வாங்கியிருக்க வேண்டும், அந்தப் பட்டியல்களை அப்போது பாருங்கள். உள்ளாட்சிக் கேளிக்கை வரிச் சட்டம் 1926. அதற்குப் பிந்திய காட்சிகளுக்கு நகராட்சி வரவுக் கணக்கு பெரிய துணை, ஏனென்றால் காட்சிக்காரர் வரி கட்டியாக வேண்டும். வேலூர் நகராட்சி 1866-இலிருந்து இருக்கிறது, மன்றக் கூட்டத் தீர்மானங்களில் மைதான வாடகை, கொட்டகை அனுமதி என்று வரும் வரிகளை விடாதீர்கள்.

கோப்புகளின் எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஆர்.டிஸ் என்று முடித்த கோப்பு நிரந்தரமாக வைக்க வேண்டியது. டி.டிஸ் பத்து ஆண்டு, கே.டிஸ் மூன்று ஆண்டு, எல்.டிஸ் ஒரே ஆண்டு. ஒரு வாரம் கொட்டகை போட அனுமதி கேட்ட மனுவை யாரும் ஆர்.டிஸ் ஆக்கியிருக்க மாட்டார்கள். நான் போன ஓர் அலுவலகத்தில் "அந்தக் காலத்துக் கோப்பெல்லாம் அழிச்சாச்சு" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை போனபோது கோப்பைக் கேட்காமல் பதிவேட்டைக் கேட்டேன். கோப்பு போனாலும், அது வந்த தேதியும் யார் அனுப்பியது, எதைப் பற்றியது என்ற ஒரு வரியும் பதிவேட்டில் தங்கும். ஒரு வரி போதும். பார்சல் ஆபீஸிலும் அப்படித்தான், பெட்டி போய் வருஷக்கணக்கானாலும் பெட்டி வந்ததைச் சொல்லும் வரி பதிவேட்டில் நிற்கும்.

சென்னையில் மூன்று இடம் போக வேண்டும். எழும்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அங்கே அரசாணைகளின் ஆண்டு அட்டவணைகளை முதலில் கேளுங்கள்; உள்துறை, சட்டம், உள்ளாட்சி ஆகிய மூன்றிலும் ‘சினிமாட்டோகிராப்’, ‘பயாஸ்கோப்’, ‘வேலூர்’ என்ற மூன்று தலைப்பையும் பாருங்கள். அடையாள அட்டையும், எதைத் தேடுகிறீர்கள் என்று தெளிவாக எழுதிய கடிதமும் கையில் இருக்கட்டும். பேனா வேண்டாம், பென்சில் கொண்டு போங்கள். அப்புறம் கன்னிமாரா நூலகம். அடுத்தது தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகமும் நோட்டீஸும் பாட்டுப் புத்தகமும்தான் அதன் அடித்தளம். மற்றவர்கள் குப்பை என்று போட்ட காகிதத்தை அவர் எடுத்து வைத்தார், அந்த மனிதரை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

செய்தித்தாளில் ‘சுதேசமித்திரன்’, ‘தி ஹிந்து’, ‘மெட்ராஸ் மெயில்’ மூன்றையும் பார்க்க வேண்டும். சினிமா விளம்பரப் பத்தியை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். அதில் சென்னைத் தியேட்டர்கள்தான் இருக்கும். வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பற்றிய செய்தி வெளியூர்க் கடிதங்களில் இரண்டு மூன்று வரியாக ஒளிந்திருக்கும். கொட்டகை தீப்பிடித்தது, கூட்டத்தில் நகை திருட்டு, போர் நிதிக்காகச் சிறப்புக் காட்சி என்பது மாதிரி. அந்தக் காலச் சுருள் நைட்ரேட், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். அதனால் தீ விபத்துச் செய்தியை நான் எப்போதும் தனியாகக் குறித்து வைப்பேன். ஒரு நாளைக்கு இரண்டு மாதத்து இதழ்களுக்கு மேல் பார்க்காதீர்கள், கண் ஏமாற்றும்.

வீட்டிலிருந்தே படிக்கக்கூடிய ஒன்றும் உண்டு. 1927-இல் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் இந்திய சினிமாட்டோகிராப் கமிட்டி அமைத்தார்கள். ஊர் ஊராகப் போய் 353 பேரிடம் சாட்சியம் வாங்கி 1928-இல் அறிக்கை கொடுத்தார்கள். அறிக்கையோடு சாட்சியத் தொகுதிகளும் அச்சாகி, இணையத்தில் கிடைக்கின்றன. அறிக்கையை மட்டும் படித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள், சென்னை மாகாணச் சாட்சியங்களைப் படியுங்கள். கொட்டகைக்காரர்களும் அதிகாரிகளும் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எந்த மாதிரிப் படம், என்ன கட்டணம், யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் அவர்கள் வாயாலேயே வரும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி: பெட்டி போன பாதை. சென்னையிலிருந்து அரக்கோணம், வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்ப்பேட்டை, அங்கிருந்து பெங்களூர். இது அகலப் பாதை. வேலூர் டவுன் பாலாற்றின் அந்தப் பக்கம், விழுப்புரம் போகும் மீட்டர் பாதையில் இருந்தது. வேலூருக்கு ரயிலில் வரும் பெட்டி காட்பாடியில் இறங்கி, சின்ன வண்டிக்கு மாறியோ மாட்டு வண்டியில் ஆற்றைக் கடந்தோதான் போக முடியும். நடராஜ முதலியார் தம் படங்களைக் கழுவும் லேபை பெங்களூரில் வைத்திருந்தார், அந்தக் குளிர்ச்சிக்காக. சென்னையில் எடுத்த நெகட்டிவ் ரயிலில் பெங்களூர் போனால் வழி இதுதான். நான் நின்ற அதே பிளாட்பாரத்தைத் தாண்டி அந்தச் சுருள்கள் போயிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

இந்தப் பாதையை வைத்துத் தேடலை அடுக்குங்கள். சுற்றுக் கொட்டகைக்காரர் ஒரே ஊருக்காக வந்து திரும்ப மாட்டார். அந்தக் காலத்தில் திருச்சியில் ரயில்வே வேலையை விட்டு, டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் 1905-இல் புரொஜெக்டரும் படங்களும் வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகப் போனார் சாமிக்கண்ணு வின்சென்ட். அப்படிப் போகிறவர்கள் ஸ்டேஷனை ஒட்டியே நகர்வார்கள். ஆகவே வேலூரில் தடம் கிடைக்காவிட்டால் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் அதே மாதத்துக்குப் பாருங்கள். அங்கே தோல் பதனிடும் வேலை, கையில் கூலி புழங்கும் ஊர்கள். பெங்களூர் போகும் வழியில், ஒரு கிளைப் பாதையில் கோலார் தங்கவயல். பருவத்தையும் கவனியுங்கள். துணிக் கொட்டகைக்கு மழை ஆகாது, ஐப்பசி கார்த்திகையில் தேடுவதை இரண்டாவதாக வையுங்கள். கூட்டம் சேரும் நாளை முதலில் பாருங்கள்: வேலூரில் சித்திரா பௌர்ணமி புஷ்பப் பல்லக்கு, குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு, பாலாற்றில் மாசி மயானக் கொள்ளை.

அப்புறம் மனிதர்களிடம் போக வேண்டும். நேரில் பார்த்தவர் இப்போது யாரும் இல்லை, கேட்டவர்களைத்தான் பார்க்க முடியும். பழைய அச்சகக் குடும்பம், ஆயில் இன்ஜின் மெக்கானிக் குடும்பம், ஆர்மோனியம் வாசித்தவர் வீடு, மாட்டு வண்டியில் தட்டி கட்டித் தமுக்கடித்து விளம்பரம் செய்தவர் வீடு, இவர்களைத் தேடுங்கள். "என்ன படம் பார்த்தாராம்?" என்று தொடங்காதீர்கள், நீங்கள் சொல்லும் பெயரையே அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். "கொட்டகை எங்கே போட்டாங்களாம்? விளக்கு எப்படி எரிஞ்சுதாம்? எழுத்து வரும்போது யார் படிச்சுச் சொன்னாங்களாம்?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். திரையில் வரும் எழுத்தை ஒருவர் நின்று உரக்கப் படித்தார் என்று சொன்னால் அது ஊமைப் படம். பாட்டு கேட்டது என்றால் உடனே சந்தேகப்படாதீர்கள், திரைக்குப் பக்கத்தில் வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசித்த காலம் அது. பேரன் பேத்திகளிடம் பேசும்போது டீ குடித்துவிட்டு மெதுவாகப் பேசுங்கள், நோட்டை முதல் நாளே எடுக்க வேண்டாம். ‘ராஜா தியேட்டர்’, ‘நேஷனல் தியேட்டர்’ என்று இடத்துக்குப் பெயராகவே நின்றுவிட்ட பெயர்களை வைத்துப் பேச்சைத் தொடங்கினால், அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று அவர்களே பின்னோக்கிப் போவார்கள்.

கிடைப்பதை எப்படிக் குறிப்பது? நான் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வைக்கிறேன். மேலே ஊர், இடம், தேதி. கீழே எந்தக் காகிதத்தில் எந்தப் பக்கத்தில் பார்த்தேன், வாயால் கேட்டது என்றால் யார் யாருக்குச் சொன்னது. அதற்குக் கீழே மூன்றில் ஒரு சொல்: ‘விளம்பரம்’, ‘அனுமதி’, ‘காட்சி’. விளம்பரம் வந்தது என்றால் படம் வரப்போகிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். அனுமதி வாங்கியவர் மழையால் போடாமல் போயிருக்கலாம். வரி கட்டியதோ, நடந்த பிறகு எழுதிய செய்தியோ இருந்தால்தான் ‘காட்சி’ என்று எழுதுவேன். தேடிக் கிடைக்காததையும் தேதியோடு எழுதி வைக்கிறேன். எந்த இதழை, எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை பார்த்தேன், நடுவில் எந்த இதழ்கள் கட்டில் இல்லை என்று. எனக்குப் பின்னால் வரும் ஒருவர் அதே இரண்டு மாதத்தை மறுபடி புரட்ட வேண்டியதில்லை, விடுபட்ட இதழிலிருந்து தொடங்கலாம்.

பெரியப்பாவின் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. பெரிதாக எழுதிய ‘கீசக வதம்’ மேலே அப்படியே இருக்கிறது. அதன் கீழே பென்சிலில் சேர்த்திருக்கிறேன்: "பாலாற்று மணல், பள்ளிகொண்டா பக்கம், 1929 வாக்கில். விடிய விடிய. அப்பா சொன்னது, பெரியப்பா பார்த்தது. கூத்து."